மண் ஓவல் ரிமோட் கார்: கட்டத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் குடியிருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக என் சனிக்கிழமை மாலைகள் எங்கள் ஊர் ரிமோட் கார் கிளப்பின் களிமண் ஓவல் (நீள்வட்ட) தடத்தில்தான் கழிகின்றன. வேடிக்கை பார்க்க வரும் தமிழ்க் குடும்பங்களும், தொலைபேசியில் அழைக்கும் நண்பர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

ரிமோட் கார் என்றால் பொம்மைதானே, இதில் கட்டுவதற்கு என்ன இருக்கிறது?

கடையில் பெட்டியோடு வாங்கி, ஒரு மாதத்தில் உடைந்துபோகும் பொம்மையை நினைத்துக் கேட்கிறீர்கள். நாங்கள் ஓட்டுவது உண்மை வண்டியில் பத்தில் ஒரு பங்கு (1:10) அளவில் செய்த பந்தய வண்டி. ஷாக் (அதிர்வு தாங்கி), ஸ்பிரிங், டிஃப்ரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பாகம்), கியர், சக்கரக் கோணம் எல்லாவற்றையும் கையால் மாற்றலாம். ஒன்றை மாற்றினால் வண்டியின் நடத்தை மாறுவது அடுத்த சுற்றிலேயே கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு மூலம், பெரிய வண்டிகள் ஓடும் மண் ஓவல் பந்தயம். எங்கள் மாநிலத்தின் ராஸ்பர்க்கில் இருக்கும் எல்டோரா தடம் 1954 இல் திறக்கப்பட்டது. அரை மைல் சுற்றளவுள்ள அந்தக் களிமண் வட்டத்தில் வண்டிகள் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே வளைவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அயோவாவின் நாக்ஸ்வில்லில் ஸ்பிரிண்ட் கார் என்ற வகை வண்டிகளுக்கான நேஷனல்ஸ் போட்டி 1961 முதல் நடக்கிறது. அந்தச் சறுக்கலை ஒரு சிறிய தடத்தில் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. எங்கள் தடத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ 65 மீட்டர். நன்றாக ஓட்டுபவருக்கு 6 விநாடி ஆகும்.

ஏன் எப்போதும் இடப்பக்கமே திரும்புகிறீர்கள்? சலிக்காதா?

அமெரிக்காவின் பெரிய ஓவல் பந்தயங்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடுகின்றன. நாங்களும் அப்படியே ஓடுகிறோம். வலப்பக்கம் திரும்பத் தேவையே இல்லாததால், வண்டியின் இரு பக்கங்களையும் ஒன்றுபோலச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. எடை இடப்பக்கம் கூடியிருக்கும், வலது பின்சக்கரம் பெரிதாக இருக்கும், முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். இந்தக் கோணலைச் சரியான அளவில் கோணலாக்குவதுதான் இந்தக் கலை. கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியதே.

சலிப்பைப் பற்றி: ஐந்து நிமிடப் பந்தயத்தில் சுமார் ஐம்பது சுற்றுகள், நூறு வளைவுகள். அந்த நூறில் பத்தையாவது நினைத்தபடி எடுத்தேன் என்று சொல்லும் இரவுகள் எனக்கு அபூர்வம். சலிக்க நேரமில்லை.

லேட் மாடல், மாடிஃபைட், ஸ்பிரிண்ட் என்கிறீர்கள். எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. எதில் தொடங்குவது?

லேட் மாடலுக்குச் சக்கரங்களை மூடிய அகலமான பாடி. மாடிஃபைடுக்கு முன்சக்கரங்கள் வெளியே தெரியும், பின்சக்கரங்கள் மூடியிருக்கும். ஸ்பிரிண்ட் காரில் நான்கு சக்கரங்களும் வெளியே. தலைக்கு மேல் பெரிய இறக்கை. மிட்ஜெட் அதன் சிறிய தம்பி. ரிமோட் உலகில் இவற்றில் பல வகைகளுக்குச் சேஸிஸ் (அடிச்சட்டம்) ஏறக்குறைய ஒன்றுதான். மேலே மாட்டும் பாடியும் சக்கர அளவும்தான் வேறு.

உங்கள் ஊர்த் தடத்தில் எந்த வகுப்பில் அதிக வண்டிகள் நிற்கின்றனவோ அதில் தொடங்குங்கள். பத்துப் பேர் ஓட்டும் வகுப்பில் உதிரிபாகம் கடன் கிடைக்கும், யோசனை கிடைக்கும். உங்களுக்குப் பிடித்த வண்டி இரண்டு பேர் மட்டும் ஓட்டும் வகுப்பில் இருந்தால் அதை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிட் வாங்கிக் கட்டுவதா, ஓடுகிற கார் ஒன்றை வாங்கி மாற்றுவதா?

கிட் என்றால் தனித்தனிப் பாகங்களாகப் பெட்டியில் வருவது. இரண்டுக்கும் நீண்ட மரபு உண்டு. 1984 இல் அசோசியேட்டட் நிறுவனம் வெளியிட்ட ஆர்சி10, கரடுமுரடான தடத்துக்கான பக்கி வண்டி. ஆட்கள் அதன் கியர்பாக்ஸையும், சக்கரங்களைச் சட்டத்தோடு இணைக்கும் சக்கரக் கைகளையும் கழற்றி ஓவல் சட்டத்தில் பொருத்தி ஓட்டினார்கள். 2008 இல் ட்ராக்ஸாஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் வந்த பிறகு, அதன்மேல் மட்பாஸ் என்ற பெட்டி வடிவப் பாடியை மாட்டி ஓட்டும் வகுப்பு பல கிளப்புகளில் வேரூன்றியது. ஓவலுக்கென்றே பிறந்த கிட்டுகளும் உண்டு. கஸ்டம் வொர்க்ஸ் நிறுவனம் அவற்றுக்குப் பெயர் பெற்றது.

என் யோசனை: முதல் வண்டி மாற்றியமைத்த ஸ்லாஷாக இருக்கட்டும். அடி தாங்கும், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். ஆனால் இரண்டாவது வண்டியைக் கட்டாயம் கிட்டாக வாங்கி நீங்களே கட்டுங்கள். ஒவ்வொரு திருகையும் உங்கள் கை போட்டிருந்தால்தான், தடத்தில் ஒரு சத்தம் கேட்டதும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

1.5, 2.0, 2.5 மிமீ அறுகோணத் திருப்புளிகள், சக்கர நட்டுக்கு ஒரு ஸ்பேனர், வளைந்த முனைக் கத்தரி, சக்கரச் சாய்வு பார்க்கும் அளவுகோல், வெர்னியர் காலிப்பர். திருப்புளியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான முனை திருகின் குழியை உருட்டிவிடும். அந்த ஒரு திருகைக் கழற்றவே ஒரு மாலை போய்விடும்.

முதல்முறை கட்டுபவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

நான் பார்த்தவரை மூன்று இடங்களில்.

முதலாவது, திருகு நழுவாமல் இருக்க இடும் பசை. உலோகத்துக்குள் உலோகம் போகும் இடத்தில் ஒரு துளி அவசியம். பிளாஸ்டிக்குக்குள் போகும் திருகில் இடவே கூடாது. சில பிளாஸ்டிக்குகளை அது நொறுங்க வைத்துவிடும்.

இரண்டாவது, பினியனுக்கும் ஸ்பருக்கும் இடையே உள்ள இடைவெளி. பினியன் என்பது மோட்டார் அச்சில் இருக்கும் சிறிய பல்சக்கரம். ஸ்பர் என்பது அது சுழற்றும் பெரிய பல்சக்கரம். நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு கீற்றைக் கிழித்து இரண்டு பற்களுக்கும் நடுவே விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்துத் திருகை இறுக்குங்கள். பிறகு ஸ்பரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் மடிப்பு மடிப்பாகச் சீரான தடம் இருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. மோட்டாரைப் பிடித்துக்கொண்டு ஸ்பரை விரலால் ஆட்டினால் மயிரிழை அசைவு தெரிய வேண்டும். ஸ்பரின் ஒரு பக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். முழுச் சுற்றில் நான்கு இடங்களில் பாருங்கள், ஏனெனில் பிளாஸ்டிக் ஸ்பர் முழு வட்டமாக இருப்பது குறைவு. என் முதல் வண்டியில் நான் இதை இறுக்கிவிட்டேன். இரண்டாவது பந்தயத்திலேயே மோட்டார் கருகிவிட்டது.

மூன்றாவது, ஷாக்குக்குள் காற்று. எண்ணெய் ஊற்றியதும் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்திவிட்டு, பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். குமிழி எல்லாம் மேலே வந்து உடைந்த பிறகு மூடுங்கள். மூடியதும் காதருகே வைத்து அழுத்திப் பாருங்கள். 'களக் களக்' என்று சத்தம் வந்தால் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.

17.5 என்கிறார்களே, அது என்ன? அதைவிடப் பெரிய மோட்டார் போட்டால் எல்லோரையும் முந்தலாமே?

அது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றின் எண்ணிக்கை. சுற்று குறையக் குறைய மோட்டார் வேகமாகச் சுழலும். எனவே 17.5 ஐவிட 13.5 வேகமானது. சட்டென்று தலைகீழாகத் தோன்றும், பழகிவிடும். பல கிளப்புகள் 17.5 ஐ வகுப்பு விதியாக வைத்திருப்பதற்குக் காரணம், பணம் வேகத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பது. அந்த வகுப்புகளில், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் ஸ்பீடு கன்ட்ரோலரையும் கூடுதல் டைமிங் (மோட்டாரை இன்னும் வேகமாகச் சுழலவைக்கும் மின்னணு அமைப்பு) தராத நிலையில் பூட்டி வைக்க வேண்டும். அந்த நிலையில் அதன் சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். சோதனை செய்பவர் வண்டியைத் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

விதி இல்லாத வகுப்பில்கூடப் பெரிய மோட்டார் வெற்றி தராது. உலர்ந்த களிமண்ணில் டயர் தாங்கும் அளவுக்கு மேல் வரும் சக்தி புழுதியாகத்தான் போகும். புதியவர்கள் முதலில் மோட்டாருக்குச் செலவழிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணம் மூன்று ஜோடி டயர். அந்த டயர்கள் அவர்களை ஒரு பருவம் முழுக்க முன்னால் வைத்திருக்கும்.

எத்தனை பல் பினியன் போட வேண்டும்?

கணக்கு எளிது. ஸ்பர் பற்களைப் பினியன் பற்களால் வகுத்து, கியர்பாக்ஸின் உள் விகிதத்தால் பெருக்குங்கள். ஸ்பர் 78, பினியன் 30, உள் விகிதம் 2.6 என்றால் 6.76 வரும். அதாவது மோட்டார் 6.76 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். பின்டயரின் விட்டம் 80 மிமீ என்றால் சுற்றளவு 251 மிமீ, அதை 6.76 ஆல் வகுத்தால் மோட்டாரின் ஒரு சுழற்சிக்கு வண்டி 37 மிமீ நகர்கிறது. டயர் தேயத் தேய இந்த எண் குறையும். அதனால் பினியனை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளாமல், இந்த மிமீ கணக்கை நோட்டில் எழுதுங்கள்.

உங்கள் வகுப்பில் நன்றாக ஓடுபவரிடம் அவருடைய எண்ணைக் கேட்டு அதைவிட ஒரு பல் குறைவாகத் தொடங்குங்கள். ஓட்டம் முடிந்ததும் மோட்டாரின் வெப்பத்தைப் பாருங்கள். 70 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பினியனில் ஒரு பல் குறைக்க வேண்டும். பற்களின் அளவும் பொருந்த வேண்டும்: 48 பிட்ச் ஸ்பருக்கு 48 பிட்ச் பினியன்தான்.

பேட்டரி கொஞ்சம் வீங்கியிருக்கிறது. இன்னும் ஓடுகிறது, பயன்படுத்தலாமா?

கூடாது. வீங்கிய லித்தியம் பாலிமர் பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. அதை அப்படியே ஓரமாக வைத்து, பேட்டரி சேகரிக்கும் மையத்தில் ஒப்படையுங்கள். வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.

நல்ல பேட்டரிக்கு: இரண்டு செல், பெயரளவில் 7.4 வோல்ட், முழுச் சார்ஜில் 8.4. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, 3.3 இல் நிறுத்திவிடுவது என் வழக்கம். 5000 மில்லிஆம்பியர்மணி பேட்டரியை 5 ஆம்பியரில் சார்ஜ் செய்யுங்கள். சார்ஜ் ஏறும்போது அந்த அறையை விட்டுப் போகாதீர்கள். அடுத்த வாரம் வரை ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள்.

டயரில் இத்தனை வகை எதற்கு? கறுப்பு ரப்பர்தானே எல்லாம்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

எங்கள் கிளப்பில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் இருக்கிறார். வண்டியை வெளியே எடுக்கும் முன் தடத்தின் வளைவுக்குப் போய்க் குனிந்து, கட்டைவிரல் நகத்தை மண்ணில் அழுத்துவார். நகம் பதிந்து, ஓரத்தில் ஈரமான மண் சுருண்டு எழுந்தால் பெட்டியிலிருந்து உயரமான முள் டயரை எடுப்பார். நகம் பதிந்தும் மண் பொடியாக உதிர்ந்தால் குட்டை முள். நகமே பதியாமல் மண் கறுநீலமாகப் பளபளத்தால் ஏறக்குறைய வழுவழுப்பாகத் தேய்ந்த பழைய டயர். இதை நான் அவரிடம் கற்றுக்கொள்ளப் பெட்டி பெட்டியாகப் புது டயர் வாங்கித் தீர்க்க வேண்டியிருந்தது.

காரணம் இதுதான். தளர்ந்த ஈர மண்ணில் முள் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். மண் இறுகிவிட்டால் முள் இறங்க இடமில்லை. அது மடங்கி நடுங்கும். அப்போது ரப்பரின் பரப்புதான் பிடிமானம் தர வேண்டும். இறுகிய களிமண்மேல் ரப்பர் படிந்து கறுநீலமாகத் தெரியும் பட்டையை ஆங்கிலத்தில் ப்ளூ க்ரூவ் என்கிறார்கள். அந்தப் பட்டைக்குள் ஓட்டுபவர் வேறு. அதைவிட்டு ஒரு அடி வெளியே போய்ப் புழுதியில் நழுவுபவர் வேறு. முன்சக்கரங்களுக்கு நீளவாக்கில் வரிகள் ஓடும் டயர் பொதுவானது. அந்த வரிகள் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கின்றன.

ரப்பரின் மென்மையும் உண்டு. மென்மையான ரப்பர் பிடிக்கும், விரைவில் தேயும். தேய்ந்த டயர்களைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் எத்தனை ஓட்டம் ஓடியது என்று வெள்ளை மையால் எழுதி வையுங்கள். இறுகிய தடத்தில் அந்தப் பழைய ஜோடிதான் பொக்கிஷம்.

டயர் சக்கரத்திலிருந்து பிரிந்து வருகிறது. நல்ல பசையாகத்தான் வாங்கினேன்.

பசையில் குறை இருக்காது. டயரின் உள் விளிம்பில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். தொழிற்சாலை அச்சிலிருந்து டயர் எளிதில் வெளிவரப் பூசுவது அது. ஆல்கஹால் நனைத்த துணியால் டயரின் விளிம்பையும் சக்கரத்தின் பள்ளத்தையும் துடைத்து, உலர்ந்த பிறகு, உள்ளே ஃபோம் சுருளை முறுக்கில்லாமல் பரப்பி, டயரைப் பள்ளத்தில் உட்கார வையுங்கள். விரலால் விளிம்பை லேசாக இழுத்து, நான்கு இடங்களில் ஒவ்வொரு துளி விடுங்கள்; பிறகு இடைவெளிகளை நிரப்புங்கள். நிறைய ஊற்றினால் பசை வழிந்து பக்கவாட்டு ரப்பர் விறைத்துப்போகும். காற்றோட்டமான இடத்தில், கண்ணாடி அணிந்து செய்யுங்கள்.

நான்கு தராசுகளை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?

ஒவ்வொரு சக்கரமும் எத்தனை கிராம் சுமக்கிறது என்று பார்க்கிறோம். சமையலறையில் பயன்படுத்தும் ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு நான்கு போதும். மேடுபள்ளமில்லாத கண்ணாடித் தகட்டின்மேல் அவற்றை வைத்து, பேட்டரியோடும் பாடியோடும் வண்டியை ஏற்றுங்கள். படிக்கும் முன் வண்டியை இரண்டு முறை அழுத்தி விடுங்கள், ஸ்பிரிங்குகள் தம் நிலைக்கு வரட்டும்.

என் லேட் மாடலின் கணக்கு ஒன்று: இடது முன் 330, வலது முன் 270, இடது பின் 520, வலது பின் 380; மொத்தம் 1500 கிராம். இடப்பக்கம் 850, அதாவது 56.7 சதவீதம். பின்பக்கம் 900, அதாவது 60 சதவீதம். மூன்றாவது எண்தான் புதியவர்களுக்குப் புதிராக இருக்கும்: வலது முன்னையும் இடது பின்னையும் கூட்டினால் 790, அதாவது 52.7 சதவீதம். இதைக் குறுக்கெடை என்று சொல்லிக்கொள்வேன்.

இடப்பக்கம் ஏன் கூட? இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கம் சாய்கிறது. நிற்கும்போதே இடப்பக்கம் கூடியிருந்தால், வளைவின் நடுவில் நான்கு டயர்களும் ஓரளவு சமமாகச் சுமக்கும். குறுக்கெடை கூடினால் வண்டி நேராக ஓடவே விரும்பும், குறைந்தால் எளிதில் திரும்பும். இங்கே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: ஷாக்கில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் வளையத்தைத் திருகினால் குறுக்கெடை மட்டும்தான் மாறும். இடப்பக்கச் சதவீதமும் பின்பக்கச் சதவீதமும் மாற வேண்டுமானால் பொருளை இடம் மாற்ற வேண்டும். 200 கிராம் பேட்டரியை 10 மிமீ இடப்பக்கம் நகர்த்தினால், சக்கரங்களுக்கு இடையே 200 மிமீ அகலமுள்ள வண்டியில் 10 கிராம் வலமிருந்து இடத்துக்குப் போகும், 56.7 என்பது 57.3 ஆகும். சிறிய எண்தான், ஆனால் வளைவில் தெரியும்.

வலது பின் டயர் இடதைவிடப் பெரிதாக இருக்கிறதே, தவறாக மாட்டிவிட்டீர்களா?

வேண்டுமென்றே செய்தது. காகிதக் கோப்பையை மேசையில் படுக்க வைத்து உருட்டிப் பாருங்கள். சிறிய அடிப்பக்கத்தை நோக்கி வளைந்து போகும். வண்டியின் பின்அச்சும் அந்தக் கோப்பைதான்.

வளைவின் ஆரம் 4 மீட்டர், பின்சக்கரங்களுக்கு இடையே 20 செமீ என்றால், வெளிச்சக்கரம் 4.1 மீட்டர் ஆரத்திலும் உட்சக்கரம் 3.9 மீட்டர் ஆரத்திலும் ஓடுகின்றன. வித்தியாசம் சுமார் 5 சதவீதம். இடது டயர் 80 மிமீ என்றால் வலது 84. ஆனால் நேர்ப்பாதையில் இதே வித்தியாசம் வண்டியை இடப்பக்கம் இழுக்கும் என்பதால் இதற்குக் குறைவாகவே வைப்பேன். இன்னொன்று: டிஃப்ரன்ஷியல் தளர்வாக இருந்தால் இரண்டு சக்கரங்களும் தத்தம் வேகத்தில் சுழன்றுகொள்ளும், இந்த வித்தியாசத்துக்குப் பெரிய வேலை இருக்காது. டிஃப்ரன்ஷியலை இறுக்கியோ கெட்டியான எண்ணெய் ஊற்றியோ ஓட்டுபவர்கள்தான் டயர் விட்டத்தைக் காலிப்பரால் அளந்துகொண்டே இருப்பார்கள்.

முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. அடிபட்டு வளைந்துவிட்டதா?

இல்லை. இரண்டின் தலையும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். வளைவில் வண்டியின் உடல் வலப்பக்கம் சாயும்போது டயர்கள் தட்டையாக மண்ணில் உட்கார வேண்டும் என்பதற்காக இப்படி. ஓடி முடித்ததும் டயரின் முகத்தைப் பாருங்கள். முழு அகலமும் சீராகத் தேய்ந்திருந்தால் சாய்வு சரி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அரை டிகிரி மாற்றுங்கள்.

என் வண்டி திரும்பவே மாட்டேன் என்கிறது. சில நேரம் பின்பக்கம் சுழன்றுவிடுகிறது. எதைத் திருக வேண்டும்?

திரும்ப மறுப்பதை டைட் என்றும், பின்பக்கம் சுழல்வதை லூஸ் என்றும் பந்தயக்காரர்கள் சொல்வார்கள். முதலில் நான் திருப்பிக் கேட்பது: வளைவில் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா? இந்தப் பதில் இல்லாமல் எந்தத் திருகையும் தொடாதீர்கள்.

நுழையும்போது டைட் என்றால், பெரும்பாலும் ரிமோட்டின் வேக விசையைத் தாமதமாக விடுகிறீர்கள். அரை மீட்டர் முன்னதாக விட்டு ஐந்து சுற்று ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் மறுத்தால் வலது முன் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள். நடுவில் டைட் என்றால் முன்டயரையும் மேலே சொன்ன சாய்வையும் பாருங்கள். வெளியேறும்போது லூஸ் என்றால் குறுக்கெடையைக் கூட்டுங்கள், அல்லது பேட்டரியைப் பின்னால் நகர்த்துங்கள். வெளியேறும்போது டைட் என்றால் குறுக்கெடையைக் குறையுங்கள்.

நுழையும்போது டைட்டாகவும் வெளியேறும்போது லூஸாகவும் ஒரே வண்டி இருக்கிறது என்று பலர் குழம்புவார்கள். இது பெரும்பாலும் ஒரே நோய்தான். முன்பக்கம் திரும்பாததால் ஸ்டீயரிங்கை அதிகம் வளைக்கிறீர்கள். வெளியேறும்போது முன்பக்கம் திடீரென்று பிடித்துக்கொள்ள, அந்த அதிக வளைப்பு பின்பக்கத்தைத் தூக்கி எறிகிறது. நுழைவைச் சரிசெய்தால் வெளியேற்றம் தானாகச் சரியாகும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதை எழுதுங்கள். உதவவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மதியம் பயிற்சியில் பறந்தது, இரவு பந்தயத்தில் அதே வண்டி ஓடவே இல்லை. எதையும் மாற்றவில்லையே?

நீங்கள் மாற்றவில்லை, தடம் மாறிவிட்டது. மதியம் தண்ணீர் தெளித்த களிமண் மாலைக்குள் இறுகி, இரவில் வழுக்கலாகிவிடும். பல தடங்களில் ஈரத்தைப் பிடித்து வைக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அதனால் புழுக்கமான இரவில் தடம் மீண்டும் பிடிமானம் பெறுவதும் உண்டு.

தடம் காய்ந்து வழுக்கும்போது வண்டியை இன்னும் தாழ்த்தி விறைப்பாக்கத் தோன்றும். அதற்கு எதிராகச் செய்யுங்கள். எடையைச் சற்று உயர்த்தி, ஸ்பிரிங்கை மென்மையாக்கி, இடப்பக்கச் சதவீதத்தைக் கொஞ்சம் குறையுங்கள். வண்டி வலப்பக்கம் சாய்ந்து வலது பின் டயரை மண்ணில் அழுத்த வேண்டும். வழுக்கும் இரவில் பிடிமானம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் இதற்கெல்லாம் முன்னால் அந்தப் பெரியவரின் நகம்.

பாடிக்கு அழகாக வண்ணம் பூச வேண்டும். உள்ளே பூசுவதா, வெளியே பூசுவதா?

உள்ளே. லெக்ஸான் என்னும் தெளிவான பாலிகார்பனேட் தகடு அது. உள்ளே பூசினால் வெளியே எத்தனை உரசினாலும் வண்ணம் போகாது. பாத்திரம் கழுவும் சோப்பால் உட்புறத்தைக் கழுவி உலர்த்துங்கள். லெக்ஸானுக்கென்று விற்கும் வண்ணத்தையே வாங்குங்கள், மற்றவை முதல் மோதலில் செதில் செதிலாக உதிரும்.

வரிசைதான் தலைகீழாக இருக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது மேலே தெரிய வேண்டியதை முதலில் பூச வேண்டும். கோடுகளும் அடர்நிறங்களும் முதலில், வெளிர்நிறங்கள் பிறகு, கடைசியில் வெள்ளைப் பூச்சு. மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசுங்கள். எல்லாம் உலர்ந்த பிறகு வெளிப்புறத்தில் இருக்கும் காப்புத் தாளை உரித்தெடுக்கும் அந்த நிமிடத்துக்காகவே என் மகள் காத்திருப்பாள். போன வருடத்து மாம்பழ மஞ்சளும் அரக்குச் சிவப்பும் அவள் தேர்வு. தடத்தின் மறுகோடியிலிருந்தும் என் வண்டி எது என்று எனக்குத் தெரிகிறது. அழகுக்கு அப்பால் அது பெரிய உதவி. எட்டு வண்டிகள் புழுதிக்குள் போகும்போது சாம்பல் நிற வண்டியை ஓட்டுபவர் தன் வண்டியையே தேடுவார்.

ஸ்பிரிண்ட் காரின் இறக்கை வெறும் அலங்காரமா?

இல்லை. மேல்தகடு காற்றை வாங்கி வண்டியைக் கீழே அழுத்துகிறது. பக்கத் தகடுகள், வண்டி சறுக்கும்போது காற்றில் மோதிச் சுழலாமல் தாங்குகின்றன. கவிழும்போது முதல் அடியை வாங்குவதும் இறக்கைதான். அதனால் உபரியாக ஒன்று கையில் இருக்கட்டும்.

3டி பிரிண்டர் இருக்கிறது. பாகங்களை நானே அச்சடித்துக்கொள்ளலாமா?

பம்பர், பேட்டரி நகராமல் தடுக்கும் கட்டை, பாடியின் உள்தாங்கி போன்றவற்றைத் தாராளமாக அச்சடிக்கலாம். பிஎல்ஏ இழையில் மட்டும் வேண்டாம். 60 டிகிரி செல்சியஸை ஒட்டி அது இளகத் தொடங்கும். கோடையில் மூடிய காருக்குள் விட்டுவிட்டு வந்தால் வளைந்திருக்கும். பிஇடிஜி அல்லது நைலான் இழை நல்லது. சக்கரக் கைகளையும் ஸ்டீயரிங் பாகங்களையும் அச்சடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. அவை உடையும்போது வண்டி எங்கே பாயும் என்று தெரியாது, தடத்தின் ஓரம் குழந்தைகள் நிற்கிறார்கள்.

முதல் பந்தய நாளில் என்ன எதிர்பார்க்க வேண்டும்?

வண்டியில் நேரம் கணிக்கும் சிறு கருவி பொருத்தியிருக்க வேண்டும். கிளப்பிலேயே இரவல் கிடைக்கும். தகுதிச் சுற்றுகளின் முடிவைப் பொறுத்து ஏ, பி, சி என்று இறுதிப் பந்தயங்களில் பிரிப்பார்கள். உங்கள் ஓட்டம் முடிந்ததும் அடுத்த ஓட்டத்தில் கவிழும் வண்டிகளைத் தூக்கி நிறுத்தத் தடத்தோரம் நிற்பது உங்கள் கடமை. நிறையப் பேர் இதைத் தெரியாமல் சாப்பிடப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் ஆளில்லாமல் ஒருவருடைய வண்டி கவிழ்ந்தே கிடந்தால் அவருடைய மாலையே போய்விடும். வேகமாக வருபவர் உங்களை ஒரு சுற்று முந்தும்போது, அவருக்காக ஒதுங்கித் தடுமாறாமல் உங்கள் கோட்டிலேயே சீராக ஓட்டுங்கள். அவர் வழி பார்த்துக்கொள்வார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். காரை எடுத்துச் செல்லலாமா?

வண்டியை விமானத்தில் பெட்டியில் வைத்து அனுப்பலாம். தனியே கழற்றிய லித்தியம் பேட்டரிகள் அனுப்பும் பெட்டியில் இருக்கக் கூடாது. கைப்பையில்தான் வர வேண்டும். 7.4 வோல்ட், 5000 மில்லிஆம்பியர்மணி பேட்டரி 37 வாட்மணி. பொதுவான வரம்பான 100 க்கு மிகவும் கீழே. முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, மேலே சொன்ன 3.8 வோல்ட் நிலையில் வைத்து, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான் இரண்டு முறை எடுத்துப் போயிருக்கிறேன். கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றியதும், கரையை ஒட்டி இன்னும் வெடிப்பு விடாத வண்டல் ஒரு பட்டை கிடைக்கும். ஆறு செங்கல்லை வைத்து ஓர் ஓவல் வரைந்தோம். நகத்தை அழுத்திப் பார்த்தேன். பதிந்து, ஓரம் சுருண்டது. உயரமான முள் டயரை மாட்டினேன்.